ஹிசா எந்த ஊர்ப் பொண்ணு

சாராளுக்குத் தமிழ் படிக்க வரும். பைபிளை விரல் வைத்துப் படித்துப் பழகியவள். இங்கிலீஷ் வராது. ஆனாலும் மூன்று வருடமாக ஒரு ஞாயிறும் விடாமல் அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள், பார்த்து வருகிறாள். அதற்கு மகள் ஷாரோன் செய்து வைத்த ஏற்பாடு ஒன்று உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே, கல்பாக்கம் பக்கத்துப் புதுப்பட்டினத்து வீட்டின் முன்னறையில் லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு இருவரும் பாயில் உட்காருவார்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, அடியில் ஓடும் இங்கிலீஷ் வரிகளை ஷாரோன் ஒரு நொடி பிந்தாமல் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். ராஜா, பேய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, ரயில் கார்டு என்று எல்லோருக்கும் அவளே குரல். தமிழ் என்றால் அந்த வீட்டில் பேசுகிற தமிழ்தான். ராஜாகூட மந்திரியைப் பார்த்து "இன்னாடா சொல்ற?" என்றுதான் கேட்பான்.

சாராள் பத்தாவது நிமிடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுவாள். "இந்தப் பையன் கடசி வரைக்கும் அழுதுகினே இருப்பான், வேணாம் வுடு." "இவ அம்மாகாரி செத்துப்பூட்டான்னு சொல்றாங்க. சாவல, நீ பாரேன்." பத்தில் எட்டு சரியாக இருக்கும். கல்பாக்கம் டவுன்ஷிப்பில், அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில், காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கப் போகிறவள்; மனிதர்களைப் படிக்கத் தனியாக எழுத்து தேவைப்படவில்லை.

அந்தத் தீர்ப்புகளைத்தான் ஷாரோன் துடைத்து மெருகேற்றி யூடியூபில் சொல்லிவந்தாள். சேனலுக்கு 'மூணு எபிசோடு' என்று பெயர். மூன்று எபிசோடு பார்க்காமல் எந்தப் படத்தையும் நல்லது கெட்டது என்று சொல்வதில்லை என்பது விதி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் வரிசையாக வந்து இறங்கும் நாற்பது ஐம்பது புதுப் படங்களில் தேறுவதைப் பொறுக்கி முதல் அபிப்பிராயம் சொல்வாள். டிசம்பர் கடைசி ஞாயிறு அந்த வருடத்தின் சிறந்த பத்து. முப்பத்தோராயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

கூட்டாளி பாலா, கல்லூரியில் உடன் படித்தவன். கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் அவன் அப்பாவுக்கு உரக்கடை. கடையின் பின்னால் உள்ள குடோன்தான் அவர்களுடைய ஸ்டுடியோ. நான்கு பக்கமும் யூரியா மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கினால் நடுவே எதிரொலி துளியும் இருக்காது என்பதை பாலாதான் கண்டுபிடித்தான். மூக்கு எரியும். குரல் மட்டும் ரேடியோவில் வருகிற மாதிரி சுத்தமாக விழும்.

அந்தக் குரல் ஷாரோனின் வீட்டுக் குரல் அல்ல. செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடுவது அவள் வேலை. சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பேஷண்ட்டப் பாத்து 'இன்னா பேரு'ன்னு கேக்காதம்மா. இங்க வர்றவங்கல்லாம் டீசண்ட்டானவங்க" என்றார். ஒரே மாதத்தில் அவளுக்கு இன்னொரு குரல் முளைத்துவிட்டது. 'டோக்கன் எண் இருபத்து மூன்று, தயவுசெய்து உள்ளே வரவும்.' சேனலுக்கும் அதே குரலையே கொண்டுபோனாள். யாரும் சொல்லாமலே.

அந்த ஜூலையில் வந்த படங்களில் ஒன்று, 'மணி அடிக்காத துறைமுகம்'. முதல் எபிசோடு முடிந்ததும் சாராள் எழுந்துபோய்க் குழம்பைக் கிண்டினாள். அவள் தீர்ப்பு சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

சின்னத் துறைமுகம். புயல் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். அடித்தால் அன்றைய ஏற்றுமதி நின்றுவிடும். ஒரு நாள் மணி அடிக்கவில்லை. பதினோரு பேரோடு ஒரு படகு திரும்பி வரவில்லை. மணி அடித்தது என்று கம்பெனி சாதிக்கிறது. மணிக்காரனின் மகள் ஹிசா, அடிக்கவில்லை என்று சாட்சி சொல்லத் தலைநகரம் போகிறாள். ஒன்பதாவது எபிசோடு முழுக்க விசாரணை மன்றம். அவள் வாயைத் திறந்ததும் அங்கே எழுதுகிற குமாஸ்தா அவளுடைய ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறான். அவள் சொன்னதைத் தன் பாஷைக்கு மாற்றி எழுதிக்கொள்கிறான். அதைப் படித்துக் காட்டும்போது அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

அந்த இடத்தை ஷாரோன் பாயில் உட்கார்ந்தபடி இப்படிச் சொன்னாள்: "நீ எழுதிகினு கீறது நான் சொன்னது இல்ல. மணி அடிக்கல. எங்கப்பாவ அடிக்க வுடல. கயித்த அறுத்துப்போட்டாங்க. நான் சொன்னத எழுது."

சாராள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுடா பாடு" என்று குமாஸ்தாவைத் திட்டினாள்.

நவம்பரில்தான் அந்த அழைப்பு வந்தது. சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனி. பேசியவள் பெயர் பிரபா. யார் யாருக்கு எந்தக் குரல் என்று பார்த்துக்கொள்கிறவள்.

"உங்க சேனல் பாக்கறோம் ஷாரோன். 'மணி அடிக்காத துறைமுகம்' தமிழ்ல நாங்கதான் பண்றோம். ஹிசாவுக்குப் பேசினவங்க துபாய் போறாங்க. ரெண்டாவது சீசனுக்குப் புதுக் குரல் தேடறோம். ரெண்டு சாம்பிள் அனுப்பறீங்களா?"

ஷாரோன் ஸ்கேன் சென்டரின் மாடிப்படியில் நின்றிருந்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது. இதுவரை நான்கு இடத்துக்குக் குரல் அனுப்பியிருக்கிறாள். ஓர் இடத்திலிருந்துகூட பதில் வந்ததில்லை. "அனுப்பறேங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தவள், டோக்கன் முப்பதை விட்டுவிட்டு முப்பத்தொன்றைக் கூப்பிட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் தமிழ் டப்பிங் வந்தது, ஒன்பது எபிசோடும் மொத்தமாக. ஷாரோனுக்கு ஒரே குஷி. "ம்மா, இன்னிக்கு நான் பேச வேணாம். அதுங்களே தமிழ்ல பேசப்போவுது. நீ குந்திப் பாரு" என்று சத்தத்தை ஏற்றி வைத்தாள்.

ஹிசா பேசினாள். செய்தி வாசிக்கிற தமிழுக்கும் சீரியல் தமிழுக்கும் நடுவில் ஒரு தமிழ். அப்பா அதே மாதிரி, கம்பெனிக்காரனும் அதே மாதிரி. பிறகு டோமா வந்தான். படகிலிருந்து மீன் திருடி விற்கிறவன், எந்நேரமும் போதை. "இன்னா மே, வூட்டாண்ட வந்து சவுண்டு வுட்டுனு கீற?" என்றான். பின்னணியில் கோமாளி இசை.

சாராள் லேப்டாப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, இந்தப் பொண்ண யாரு மாத்தினது?"

"எந்தப் பொண்ண?"

"ஹிசாவத்தான். நல்லா பேசினு இருந்துச்சே நம்பள மாரி. இப்ப இன்னா, டவுன்ஷிப் மேடம் மாரி பேசுது?"

ஷாரோனுக்குச் சிரிப்பு வந்தது. "ம்மா, அது ஜப்பான்காரங்க பேசினதும்மா. தமிழ்ல பேசினது நான்."

"நீ படிச்சத தானே சொன்ன? அதுல எழுதியிருந்துதா இல்லியா?"

"எழுதியிருந்துச்சு, ஆனா..."

"அப்பறம்? அவ அப்டித்தான் பேசிக்கீறா. இவங்க மாத்திட்டாங்க." சாராள் திரையைக் கையால் காட்டினாள். "திருடன மட்டும் மாத்தல பாரு. அவன வுட்டுட்டாங்க."

எவ்வளவு சொல்லியும் சாராள் கேட்கவில்லை. ஹிசா தங்கள் பக்கத்துப் பேச்சுதான் பேசினாள், யாரோ அதைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். கோபத்தில் மீனுக்கு இரண்டு தடவை உப்பு போட்டாள்.

ஷாரோன் ஒன்பதாவது எபிசோடைத் தனியாகப் போட்டுப் பார்த்தாள். விசாரணை மன்றம். ஹிசா, "அன்று மணி ஒலிக்கவில்லை, ஐயா" என்றாள். குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தான். ஏன் சிரிக்கிறான்? அவனும் அதே தமிழ்தான் பேசினான். "நான் சொன்னதை எழுதுங்கள்" என்றாள் அவள். அவன் எழுதியதும் அதுவேதான். இரண்டு தடவை பார்த்தும் அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. மூலத்தில் அந்தத் துறைமுகத்தில் திருடனும் ஹிசாவும் ஒரே பேச்சு பேசுவார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே தெருவில் பிறந்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

டோக்கன் குரலில் பதிவு செய்து வைத்திருந்த சாம்பிளை அவள் அழித்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, விசாரணைக் காட்சியைப் பாயில் உட்கார்ந்து சொன்ன மாதிரியே சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பிரபா கூப்பிட்டாள். குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"செமயா இருந்துச்சு ஷாரோன்! டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. டோமாவுக்கு ஒரு தங்கச்சி வர்றா, சீசன் முழுக்க. உங்களுக்குத்தான்."

"தங்கச்சியா?"

"அண்ணன் திருடற மீன விக்கிறவ. வாய்க்காரி. உங்களுக்கு நேச்சுரலா வரும்."

"நான் ஹிசாவுக்குத்தானே அனுப்பினேன்?"

"ஹிசா ஹீரோயின்ங்க. அந்த ஸ்லாங்ல பேசினா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. அழற சீன்ல சிரிப்பாங்க."

"ஒம்போதாவது எபிசோடுல அந்த குமாஸ்தா எதுக்குங்க சிரிக்கிறான்?"

"எந்த குமாஸ்தா?"

ஷாரோன் விளக்கினாள்.

"கரெக்டுதான்" என்றாள் பிரபா. குரல் தணிந்திருந்தது. "யாருமே அத யோசிக்கல. இங்க பாருங்க, நானே வியாசர்பாடி. பேச்ச மாத்திக்கினுதான் இங்க உக்காந்துட்டிருக்கேன். மொதல்ல உள்ள வாங்க. தங்கச்சி ரோல் பண்ணுங்க, அப்பறம் பாக்கலாம். உங்க வருஷக் கடைசி லிஸ்ட்ல நம்ம டப்பிங் பத்தி நாலு நல்ல வார்த்தை வந்துச்சுன்னா, உங்களுக்காகப் பேச எனக்கும் வசதியா இருக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதாக ஷாரோனுக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் தட்டிய கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. நான்கு வார்த்தை சொன்னால் நுழைந்துவிடலாம். திருடியாக.

கடைசி ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் காலையிலேயே பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரை பட்டியலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டில் மாறி கருங்குழியில் இறங்கியபோது பதினொரு மணி. கடைக்கு அன்று விடுமுறை. ஆனால் லோடு வந்திருந்ததால் சுமை தூக்கும் சுப்பிரமணி மட்டும் மூட்டைகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். இரண்டு வருடமாக இவர்கள் பேசுவதைக் கடந்து மூட்டையோடு போய் வருகிறவர், ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை.

பாலா மூட்டை மேல் போனை நிறுத்தினான். ஷாரோன் ஆரம்பித்தாள்.

"வணக்கம். இந்த ஆண்டின் சிறந்த பத்து அனிமேக்களில், பத்தாவது இடத்தில்..."

பத்து, ஒன்பது, எட்டு என்று தடங்கலில்லாமல் வந்தது. மூன்றாவது இடத்துக்கு வந்தபோது நிறுத்திவிட்டாள்.

"இன்னாச்சு?" என்றான் பாலா.

"அழிச்சுடு. மொதல்லேர்ந்து."

"எதுக்கு? சோக்கா தானே வந்துனு கீது?"

அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள்.

"இன்னா எல்லாரும் நல்லா கீறீங்களா? இந்த வருஷம் நாப்பத்தேழு படம் பாத்தேன். எங்கம்மா கூட குந்தி பாத்தாங்க. அதுல பத்து சொல்றேன், கேட்டுக்கோங்க."

பாலா போனை அணைத்துவிட்டான்.

"மச்சி, வெளாடாத. ப்ளூப்பர்ஸ்ல, சொதப்பினதோட போடலாம், அது வேற. இந்தப் பேச்சுல ரிவ்யூ பண்ணா எவன் கேப்பான்? காமெடின்னு நெனச்சிக்கினு பூடுவான்."

"நீ இப்ப எந்தப் பேச்சுல கேட்டுனு கீற?"

"அது நம்பளுக்குள்ள பேசறது."

"நம்பளுக்குள்ளன்னா? உங்க நைனா கடையில வெவசாயிங்க கிட்ட எப்டி பேசறாரு? அவங்க காமெடின்னு சிரிச்சிக்கினா மூட்ட வாங்கினு போறாங்க?"

"உரம் வேற, அனிமே வேற."

"எப்டி வேற?"

பாலா பேச்சை மாற்றினான். "அந்த டப்பிங் ரோல் வேணாமா உனக்கு? இத்தினி வருஷம் அதான் அதான்னு உயிர வுட்டுனு இருந்த. இன்னிக்கு ஒரு நாள் ஒழுங்கா பேசிட்டு, அப்பால இன்னாவோ பண்ணு."

"அந்த ரோலுக்கு ஒழுங்கா பேசக்கூடாதுடா. அதுக்குத்தான் கூப்டறாங்க." அவள் குரல் உயர்ந்தது. "திருட்டு மீன் வித்தா எம்மாரி பேசலாம். பதினோரு பேர் செத்தத சொல்லணும்னா பேசக்கூடாது. இதுக்கு நான் போய் நாலு நல்ல வார்த்த சொல்லணுமா? போன ஆன் பண்ணு. இல்லேன்னா நகரு, நானே பண்ணிக்கிறேன்."

பாலா ஆன் செய்தான். முகம் மட்டும் சரியில்லை.

பத்திலிருந்து மறுபடி இறங்கினாள். அம்மாவின் தீர்ப்புகளை அம்மாவின் வாயிலிருந்து வந்தபடியே வைத்தாள். ஏழாவது இடத்துப் படத்தின் நாயகனைப் பற்றி, "பையன் நல்லவன்தான், ஆனா மூணு நாள் வெச்ச ரசம் மாரி" என்றபோது பாலா வாயைப் பொத்திக்கொண்டான். முதலிடம் 'மணி அடிக்காத துறைமுகம்'. கதையைச் சொன்னாள். தமிழ் டப்பிங்கில் அந்தக் காட்சி ஏன் விளங்காமல் போனது என்பதைக் குமாஸ்தாவை வைத்து நிதானமாகச் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசாரணை முழுவதையும் பேசினாள். குமாஸ்தாவுக்கு டோக்கன் குரல், ஹிசாவுக்கு வீட்டுக் குரல்.

"'மணி ஒலித்திருக்க வாய்ப்பில்லை எனச் சாட்சி கருதுகிறார்.' நான் கருதல. நீ எழுதிகினு கீறது நான் சொன்னது இல்ல. மணி அடிக்கல. எங்கப்பாவ அடிக்க வுடல. கயித்த அறுத்துப்போட்டாங்க. நான் சொன்னத எழுது."

கண்ணைத் திறந்தபோது எதிரே சுப்பிரமணி நின்றிருந்தார். ஐம்பது கிலோ மூட்டை அவர் முதுகிலேயே இருந்தது.

"எழுதினானா இல்லியா?" என்றார்.

ஷாரோனுக்கு ஒரு கணம் புரியவில்லை. "யாரு?"

"அந்தக் குமாஸ்தாதாம்மா. எழுதினானா?"

"எழுதினான் அண்ணாத்த."

"ம்." மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இன்னா ஊரு அது? நம்ம சதுரங்கப்பட்டினத்தாண்டயா?"

பாலா போனைப் பார்த்தான். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போன விரலை எடுத்துக்கொண்டான்.

"இது இருக்கட்டும்" என்றான். "வெட்ட வேணாம்."

வீடியோ அன்று மாலையே போனது, சுப்பிரமணியின் கேள்வியோடு. மறுநாள் காலைக்குள் நானூறு பேர் சேனலை விட்டுப் போயிருந்தார்கள். 'அக்கா, பழைய மாதிரி டீசண்ட்டா பேசுங்க' என்று ஒருவர். 'மீன் மார்க்கெட்டுக்கு வந்த மாதிரி இருக்கு' என்று ஒருவர். 'குப்பத்து பாஷையில அனிமே ரிவ்யூவா? கொடுமை' என்று இன்னொருவர். நடுநடுவே வேறு குரல்களும் இருந்தன. எண்ணூரிலிருந்து ஒரு பெண், 'எங்க அண்ணன் போன படகும் திரும்பல. நீங்க பேசினத அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்' என்று எழுதியிருந்தாள். பாலா போன் செய்து, திட்டுகிறவற்றை அழித்துவிடவா என்று கேட்டான்.

"ஒண்ணும் அழிக்காத. அந்த 'குப்பத்து பாஷை'ய மேல ஏத்தி பின் பண்ணு."

"லூசா நீ?"

"எல்லாத்துக்கும் மேல இருக்கட்டும். வர்றவன் மொதல்ல அத படிச்சிட்டு, அப்பறம் நான் பேசறத கேக்கட்டும்."

ஜனவரி முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது பிரபாவின் அழைப்பு வந்தது.

"பாத்தேன் ஷாரோன்."

"ம்."

"அந்தத் தங்கச்சி ரோல வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இனிமே உங்க பேர எடுக்கவே வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

தெரிந்ததுதான். ஆனாலும் ஷாரோன் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருக்கோடியில் கடல் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது.

"ஹிசாவுக்கு யாரு பேசறாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் ஆள் அமையல. பதினாறு பேர் பேசிப் பாத்தாச்சு." பிரபா தயங்கினாள். "அந்த விசாரணை சீன அவங்ககிட்ட குடுத்துதான் பேசச் சொல்றோம். எல்லாரும் குமாஸ்தா மாதிரியே இருக்காங்க."

"அமையலன்னா சொல்லுங்க. நான் இங்கதான் கீறேன். இப்டியேதான் பேசினு கீறேன்."

பிரபா சிரித்த மாதிரி இருந்தது. "வெச்சிர்றேன் ஷாரோன்" என்றாள். வைத்துவிட்டாள்.

உள்ளே சாராள் ஏற்கெனவே பாயை விரித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள். புதுப் பருவத்தின் முதல் படம். பனி மலை, கோட்டை, குதிரை மேல் ஒரு ராணி. அந்த வாரம் மட்டும் இன்னும் பதினொன்று பார்க்க வேண்டியிருந்தது.

"இன்னாடி வாசல்லயே குந்திட்ட? பொம்ம ஓடிகினு கீது, ஒரு எழவும் புரியல. அந்த ராணி இன்னாவோ கத்துறா, வந்து பேசு."

ஷாரோன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ராணி வாளை உருவி, எதிரே நின்ற படையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"இன்னாங்கடா," என்றாள் ஷாரோன், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "யாரு வூட்டாண்ட வந்து நின்னுகினு கீறீங்க?"